ஜோடி கிடையாது: கொடுமுடி சுந்தராம்பாள் போட்ட நிபந்தனை

ஈரோடு–கரூர் பாதையில் பகல் நேரப் பயணிகள் ரயிலில் ஏறினால், கொடுமுடி வருவதற்குள் பெட்டிக்குள் யாராவது பாடிக்கொண்டு வந்துவிடுவார்கள். போன ஆடியில் நான் போனபோது கண் தெரியாத தம்பதி இருவர் வந்தார்கள். கணவர் கழுத்தில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, மனைவி கையில் மைக். அந்த அம்மா பாடி முடித்து நகர்ந்ததும், எதிர் இருக்கைப் பெரியவர் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதே லைன்லதானுங்க கே.பி.எஸ். அம்மாவும் சின்னப் புள்ளையில பாடிட்டுப் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "புருசன் போனதுக்கப்புறம் வேற ஆம்பளை கூட ஜோடியா நடிக்கவே இல்லீங்க. அப்படியொரு பத்தினி" என்றார்.

நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளின் கதையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். கோபியில் இருந்த என் அம்மாயியும், அதாவது அம்மாவின் அம்மாவும், இப்படித்தான் சொல்வார். நானும் நெடுநாள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தவன்தான். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, கணக்கு முடித்து அனுப்புவது என்று பதினெட்டு வருசம் ஓட்டிய பிறகு இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. "இந்த வேலை செய்வேன், இது செய்ய மாட்டேன், இவ்வளவு கொடுத்தால் வருவேன்" என்று ஒரு பெண் சொல்லி, முதலாளி அதற்குச் சரி என்றால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ஒப்பந்தம். சுந்தராம்பாள் விஷயத்தில் மட்டும் நாம் அதைப் பத்தினித்தனம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

நடந்தது என்ன

1935-இல் 'பக்த நந்தனார்' படம் வெளிவந்தது. தயாரித்தது அசன்தாஸ் கிளாசிகல் டாக்கீஸ், இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். பெண், ஆண் வேடத்தில். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர், அன்றைக்குக் கர்நாடக இசையில் முன்வரிசைப் பாடகர்.

சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. கணக்குப் போட்டால் மூவாயிரம் பவுனுக்கு மேல் வரும். தமிழ்ப் படத்தில் ஒரு லட்சம் வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அதாவது, அந்த உயரத்தை முதலில் தொட்டது ஓர் ஆண் நடிகர் இல்லை.

அந்தச் சம்பளம் வந்த விதத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கதை இது. சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பமில்லை. தயாரிப்பாளர் விடாமல் கேட்கிறார். கேட்டால் ஓடிப்போய்விடுவார் என்று நினைத்து ஒரு லட்சம் என்கிறார் சுந்தராம்பாள். தயாரிப்பாளர் ஓடவில்லை, சரி என்கிறார். கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு: எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்க மாட்டேன்.

இந்த "விரட்டுவதற்காகச் சொன்ன தொகை" என்ற கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆள் எடுக்கிற மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், "வராது" என்று நினைத்துச் சொல்கிற தொகைக்கும் "இதற்குக் கீழே வேண்டாம்" என்று சொல்கிற தொகைக்கும் வாய்ச்சொல்லில் வித்தியாசம் இருக்காது. பெண் பணம் கேட்டாள் என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள், விரட்டக் கேட்டாள் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

அதற்கு முன்னால்

1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். கே.பி. என்பது கொடுமுடி, பாலாம்பாள். இன்ஷியலில் நிற்பது அம்மாவின் பெயர். தகப்பன் இல்லாத வீடு, கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர், வீட்டில் அரிசி இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ரயிலில் பாடி காசு வாங்கிய சிறுமி கரூரில் வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தாள். முதலில் பாலபார்ட், அதாவது சின்னப் பிள்ளை வேடம். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற மூத்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அழுகை சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

(ரயில் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் போனார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கொங்கு நாட்டில் சினிமாவும் சரி, சினிமாவுக்குப் பாடப்போன குரலும் சரி, தண்டவாளத்தின் மேல்தான் வந்திருக்கின்றன.)

நாடகக் குழுக்கள் இலங்கைக்கு அடிக்கடி கப்பலில் போகும். அங்கே நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சுந்தராம்பாள் மேடையில் சேர்ந்தார். வள்ளி திருமணத்தில் இவர்கள் ஜோடி போட்டால் கூட்டம் தாங்காது. 1927-இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். அன்று அது சட்டப்படி குற்றமில்லை. சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடைச் சட்டம் 1949-இல்தான் வந்தது. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவு, மனத்தாங்கல், கிட்டப்பாவின் குடி, உடம்பு கெட்டது எல்லாம் வரிசையாக வந்தன. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25.

அன்றிலிருந்து வெள்ளைக் கதர்ச் சேலை. நகை கிடையாது. கொஞ்ச காலம் மேடைக்கும் போகவில்லை. திரும்பி வந்தபோது, ஆணுக்கு ஜோடியாக இல்லை என்ற முடிவோடு வந்தார். நந்தனாரை முதலில் நாடகமாகப் போட்டார், பிறகு சினிமா.

வெள்ளைச் சேலையை எப்படிப் படிப்பது

ஊரில் சொல்வது போல அது துக்கம்தான். அதை மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒரு துணிக்கு ஒரே ஒரு உபயோகம்தான் என்று யார் சொன்னது?

அவர் இரண்டாவது மனைவி. சொத்து, சடங்கு, உறவு எல்லாவற்றிலும் முதல் குடும்பத்துக்குப் பின்னால்தான் அவருடைய இடம். நாடகக்காரி என்ற பேச்சு வேறு. அப்படிப்பட்டவர் பொது இடத்தில் வெள்ளை உடுத்துவது, "நான் அவர் மனைவி" என்று யாரிடமும் வழக்காடாமல் ஊரையே சாட்சியாக நிறுத்துவது. அந்தச் சேலைக்குப் பிறகு அவர் என்ன உறவு என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

இரண்டாவது விஷயம் வேலை பற்றியது. ஸ்பெஷல் நாடக மேடையில் ஒரு பெண்ணின் மதிப்பு யாருக்கு ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேடம், போடுகிறாள் என்பதில் இருந்தது. நாயக வேடம் போடுகிற ராஜபார்ட் பெரிய ஆள் என்றால் அவளுக்கும் ரேட் ஏறும். ராஜபார்ட் சண்டை போட்டால், குடித்துவிட்டு வராமல் இருந்தால், வேறு ஜோடி தேடிப் போனால், அவளுடைய பிழைப்பும் சேர்ந்து ஆடும். இதையெல்லாம் சுந்தராம்பாள் கிட்டப்பாவிடமே பார்த்தவர். ஜோடி வேண்டாம் என்றதும் இந்தக் கயிறு அறுந்தது. இனிமேல் அவர் யாருக்கும் ஜோடி இல்லை. டிக்கெட் விற்பது அவருடைய பெயரும் குரலும் மட்டும்.

மூன்றாவது, வயது. ஜோடி வேடத்துக்கு வயது உண்டு. முப்பதைத் தாண்டினால் அக்கா, நாற்பதில் அம்மா, அதற்கப்புறம் வீட்டுக்குப் போ. சந்நியாசினிக்கும் கிழவிக்கும் அந்தக் கணக்குக் கிடையாது. 'மணிமேகலை'யில் (1940) துறவி. ஜெமினியின் 'அவ்வையார்' (1953) வந்தபோது அவருக்கு 45. பெரும்பாலான நடிகைகளுக்கு விளக்கு அணைகிற வயதில் ஒரு பெரிய ஸ்டுடியோ அவரை நடுவில் வைத்து முழுப் படம் எடுத்தது. என் அம்மாயி அதை டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தார். கடைசி வரை, அவ்வையார் என்றால் அவருக்கு அந்த முகம்தான். 'பூம்புகா'ரில் (1964) கவுந்தி அடிகள், 'திருவிளையாட'லில் (1965) மறுபடியும் அவ்வை.

'பூம்புகார்' சமயத்தில் நடந்ததாகப் பலரும் சொல்கிற ஒரு செய்தி இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஒரு பாட்டில், தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி ஒரு வரி. முருக பக்தையான அவர் அப்படிப் பாட மாட்டேன் என்றார். படத்துக்கு எழுதிய மு. கருணாநிதி, தெய்வம் வந்துவிட்டது என்கிற பொருளில் அந்த வரியை மாற்றிக் கொடுத்தார். எழுதியவர் நாத்திகர், அதுவும் அரசியலில் ஏறுமுகத்தில் இருந்தவர். பாடுகிறவர் காங்கிரஸ்காரர், 1950களில் சென்னை சட்ட மேலவையில் உட்கார்ந்து வந்தவர். முப்பது வருசத்துக்கு முன் போட்ட ஒப்பந்தம் அப்போதும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

1969-இல் 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. பாடகிகளுக்கென்று அந்த விருது தொடங்கி அது இரண்டாவது வருடம். முதல் வருடம் பி. சுசீலா. சுந்தராம்பாளுக்கு வயது 61. படத்தைத் தயாரித்தவர் சாண்டோ சின்னப்பா தேவர், கோவைக்காரர், மருதமலை முருகனுக்கு அடிமை. அடுத்த வருடம் பத்மஸ்ரீ.

என்ன விலை கொடுத்தார்

இந்த நிபந்தனை அவருக்கு லாபமாகவே முடிந்தது என்று எழுதிவிட்டுப் போனால் கணக்கில் பொய் சொன்னதாகும்.

'மணிமேகலை'க்கும் 'அவ்வையா'ருக்கும் நடுவில் 13 வருசம். 32 வயதிலிருந்து 45 வரை படமே இல்லை. மேடையும் இசைத்தட்டும் கட்சிக் கூட்டமும் இருந்தன, ஆனால் திரையில் அந்த வயதுச் சுந்தராம்பாள் நமக்குக் கிடையாது. சினிமாவில் மொத்தமே ஒரு டஜன் படம் போல. அவருக்கு நகைச்சுவை வருமா, கோபக்காரி வேடம் வருமா, சாதாரணக் குடித்தனப் பெண்ணாக அடுப்படியில் நின்றால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. நடிகை என்ற முறையில் அவரை யாரும் சோதிக்கவில்லை. 'நந்தனார்' வந்தபோதே கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்ற பாணியில் விகடனில் கிண்டல் செய்து எழுதினார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு விதவிதமான வேடம் பிறகும் அவருக்கு அமையவில்லை.

இன்னொரு விலையும் உண்டு. அந்த நிபந்தனையை ஊர் ஏற்றுக்கொண்டதே அது கைம்பெண் கோலத்தில் வந்ததால்தான். இதே வார்த்தையை ஒரு பெண் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் திமிர் என்றிருப்பார்கள். இதற்குச் சான்று தேடி வெகு தூரம் போக வேண்டாம். கோவைக்கும் சேலத்துக்கும் வந்துபோன பி. பானுமதியே போதும்.

கோவை புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. 1954-இல் அங்கே எடுத்த 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி பானுமதி. சேலத்தில் ஏற்காடு அடிவாரப் பாதையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். 1956-இல் அங்கே எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், அதிலும் பானுமதிதான். நடிப்பு, பாட்டு, எழுத்து, 1953-இல் 'சண்டிராணி' இயக்கம், கணவரோடு சேர்ந்து சென்னையில் சொந்த ஸ்டுடியோ. சுந்தராம்பாளைப் போலவே இவரும் நிபந்தனை போட்டவர். ஒரு படத்தில் சில ரீல் எடுத்த பிறகு, பூஜை நாளில் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுத மாட்டேன் என்றார். படம் கைமாறியது. 'மிஸ்ஸம்மா' சாவித்திரிக்கு வந்த கதை அதுதான். பானுமதியைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் முதலில் வாயில் வருகிற சொல் கர்வம். சுந்தராம்பாளைப் பற்றி அப்படி ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான். உடுத்தியிருந்த சேலைதான் வேறு.

நம்மூர் ஸ்டுடியோக்களில் மற்றவர்கள்

சொந்த நிபந்தனை இல்லாதவர்கள் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பட நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' (1947) எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான படம். படத்தின் தலைப்பே இளவரசி. அந்த இளவரசியாக நடித்தது யார் என்று கோவையில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். கே. மாலதி. அந்தப் படத்திலிருந்து நாயகன் இன்னும் முப்பது வருசம் நாயகனாகவே இருந்தார்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) தயாரானது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். நாயகி எம்.கே. கமலம். மாடர்ன் தியேட்டர்ஸில் நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்ப ஆள் எல்லாருக்கும் மாதச் சம்பளம் போட்டு, மில் மாதிரி நேரம் வைத்து வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம். இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. மாதச் சம்பளத்தில் ஒரு நிம்மதி உண்டு, மில் தொழிலாளிகள் நிறைந்த ஊர்க்காரனாக அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எந்த வேடம், யாருக்கு ஜோடி, எத்தனை படம் என்பதெல்லாம் முதலாளி கையில்.

பட்சிராஜாவில் 'மலைக்கள்ளன்' இந்தியில் 'ஆசாத்' (1955) ஆனபோது திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தார்கள். மீனாகுமாரி புலியகுளத்துக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஜோடிக்கு வெளியே பிழைத்தவர்கள்

சுந்தராம்பாளின் வழி அவரோடு முடிந்துபோன தனி வழி என்று நான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு கொங்கு நாட்டுப் பெண்களில் யார் நெடுநாள் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்த்தால், ஏதோ ஒரு விதத்தில் கதாநாயகி நாற்காலிக்கு வெளியே நின்றவர்கள்தான் தட்டுப்பட்டார்கள்.

கோவையில் பிறந்த சி.டி. ராஜகாந்தம். நாடகத்திலிருந்து வந்தவர். காளி என். ரத்தினத்தோடு நகைச்சுவை ஜோடி; 'சபாபதி'யில் (1941) வேலைக்காரர்களாக இவர்கள் அடிக்கிற கூத்து இன்றும் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஜோடிதான், ஆனால் காதல் ஜோடி இல்லை, அதனால் அழகுக்கும் வயதுக்கும் கட்டுப்படவில்லை. 90களில் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரில் கிழவியாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இவர் பேசும் படம் சின்னக் குழந்தையாக இருந்த நாளிலேயே நடித்தவர் என்று தெரியாது.

அப்புறம் கோவை சரளா. 'முந்தானை முடிச்சு' (1983) எடுத்த பாக்யராஜ் கோபி பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். அந்தப் படத்தில் சின்ன வேடத்தில் வந்தவர் சரளா. வயதுக்கு மீறிய வேடங்களை ஆரம்பத்திலிருந்தே தயங்காமல் எடுத்தார். கவுண்டமணி, செந்திலோடு 'கரகாட்டக்கார'னில் (1989) குழுவில் ஒருத்தி. அடி வாங்குவார், அடி கொடுப்பார், கத்துவார். அந்தக் கத்தலுக்குள் ஒரு தாளம் உண்டு. பிறகு 1995-இல் 'சதிலீலாவதி'. பாலுமகேந்திரா இயக்கம், கமல்ஹாசனுக்கு மனைவி, இருவரும் பேசுவது கோவைத் தமிழ். அதுவரை எங்கள் பேச்சு சினிமாவில் வந்தால் பண்ணையார் வாயிலோ கோமாளி வாயிலோதான் வரும். ஒரு மனைவி கணவனிடம் சண்டை போட, கொஞ்ச, கணக்குக் கேட்க அந்த வழக்கு உதவும் என்று அந்தப் படம் காட்டியது. அதற்கு மாநில அரசின் விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடன் அதே வருடங்களில் நாயகியாக வந்த எத்தனையோ பேர் கல்யாணம், வெளிநாடு, அம்மா வேடம் என்று ஒதுங்கிவிட்டார்கள். சரளா 'காஞ்சனா'வில் (2011) மாமியார்–மருமகள் கலாட்டாவோடு திரும்பவும் தியேட்டரை நிறைத்தார். 2022 டிசம்பரில் 'செம்பி', பேத்தியைக் காக்கப் போராடும் மலைவாழ் கிழவி, படத்தின் மையமே அவர். அறுபது வயதில். அவ்வையாருக்குப் பிறகு கொங்கு நாட்டுப் பெண்ணொருத்தியைக் கிழவி வேடத்தில் நடுவில் வைக்க எழுபது வருசம் ஆகியிருக்கிறது. கோவை சரளாவை நகைச்சுவை நடிகை என்று ஒரு வரியில் ஒதுக்குகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சாய் பல்லவியை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். கோத்தகிரியில் பிறந்து கோவையில் வளர்ந்தவர். 2008-இல் தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஆடியவர், ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும்போது 'பிரேமம்' (2015). இவர் கதாநாயகிதான், ஜோடியாகத்தான் நடிக்கிறார். ஆனால் முகப்பருவை மறைக்காமல் திரைக்கு வந்தவர், இரண்டு கோடி ரூபாய் என்று செய்திகள் சொன்ன சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை 2019-இல் வேண்டாம் என்றவர். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நிபந்தனை பேசுகிற முதல் தலைமுறை இது. கையில் டாக்டர் பட்டம் இருப்பது பேரத்தில் எவ்வளவு உதவும் என்பது ஆள் எடுக்கிற எவருக்கும் தெரியும்: "இது இல்லாவிட்டால் எனக்கு வேறு வேலை உண்டு" என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் முதலாளி இறங்கி வருவார். சுந்தராம்பாளுக்கு அந்த வேறு வேலை மேடையும் இசைத்தட்டும்.

கேமராவுக்குப் பின்னால் போனவர் தாராபுரத்துக்காரர் ஹலிதா ஷமீம். 'சில்லுக் கருப்பட்டி' (2019) எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்தார். 'மின்மினி'யில் சிறுவர்களாக நடித்தவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மீதியை எடுத்து 2024-இல் வெளியிட்டார். நடிகருக்கு வயதாவதை முதலீடாக வைத்து ஒருவர் படம் எடுத்திருக்கிறார்.

பெயர் வராதவர்கள்

இதுவரை சொன்ன எல்லாருக்கும் போஸ்டரில் பெயர் இருந்தது. கோபியும் பொள்ளாச்சியும் படப்பிடிப்பு ஊர்கள். கொடிவேரி அணை, தென்னந்தோப்பு, வாய்க்கால் மேடு, பெரிய ஓட்டு வீடு எல்லாம் நீங்கள் திரையில் நூறு முறை பார்த்தவை. அந்தக் காட்சிகளில் குடம் தூக்கிப் போகிற, நாற்று நடுகிற, கும்மியடிக்கிற பெண்களில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள்.

என் பெரியம்மா 90களின் தொடக்கத்தில் அப்படி ஒரு நாள் போனார். எந்தப் படம் என்று நான் சொல்லப் போவதில்லை. தோட்டத்து வேலை இல்லாத மாசம். ஏஜென்ட் ஒருவர் வந்து பதினைந்து பெண்களைக் கூட்டிப்போனார். பேட்டா நாற்பது ரூபாய், ஒரு பொட்டலம் தக்காளி சாதம். காலை ஆறு மணிக்கு வரப்பில் நிறுத்தினார்கள். வெயில் சரியில்லை, நாயகிக்குச் சேலை மாற்ற வேண்டும், நாயகன் இன்னும் கிளம்பவில்லை என்று மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. யூனிட் ஆட்களுக்கும் நாயகிக்கும் தோட்டத்து வீட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். இவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. சுற்றிலும் லைட் பாய், வேடிக்கை பார்க்க வந்த ஊர் ஆண்கள். பெரியம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றார். மறுநாள் நீர்க்கடுப்பு, அந்த நாற்பது ரூபாய் மருந்துக்கடைக்குப் போயிற்று. பெரியப்பாவுக்குத் தெரியாமல் போனதால் வீட்டில் அதையும் சொல்ல முடியவில்லை.

2024 ஆகஸ்டில் கேரளத்தில், மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை விசாரித்த ஹேமா குழுவின் அறிக்கை வெளியானபோது செய்திகளெல்லாம் பெரிய நடிகர்களின் பெயரைத் தேடி ஓடின. அந்த அறிக்கையில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாததைப் பற்றியும், அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்குவதைப் பற்றியும் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தபோது பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அங்கியும் அப்படித்தானா கண்ணு" என்று கேட்டுவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே மீதியைச் சொன்னார். அடுத்த வருசமும் அந்த ஏஜென்ட் வந்திருக்கிறார். இந்த முறை திருவிழாக் காட்சி, நாற்பது பெண்கள் வேண்டும், பேட்டா அறுபது. பெரியம்மாவும் பக்கத்து வீட்டு இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பேசியிருக்கிறார்கள். "காசு நாற்பதே இருக்கட்டுங்க. அந்தத் தோட்டத்து வீட்டு கக்கூஸ் சாவியை எங்க கையில குடுத்துப்போட்டுச் சொல்லுங்க, இந்த வீதியே வருது."

ஏஜென்ட் சிரித்தாராம். வெயிலுக்கு ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் ஆள் பிடித்துக்கொண்டார்.